மரத்துக்கு அந்தப் பக்கம்

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களா. அந்தப் பக்கத்து நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், என் குரல் முன்னே மாதிரி எட்டுவதில்லை. இன்றைக்கு உங்களுக்கு ஓர் அணில் கதை. பெரிய கதை ஒன்றுமில்லை. ஒரு மரம், அதில் ஓர் அணில், மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு புருஷனும் பெண்சாதியும். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். அந்தப் பெண்சாதி டெல்ஃபாவுக்குத்தான் அந்த வாரம் முழுக்கச் சிரிப்பே வரவில்லை.

கண்ணிமையில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. டெல்ஃபா அதை அடிக்கவில்லை. ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து, சின்ன ரைபிளை மடியில் கிடத்தி, விடிந்ததிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதிரே ஹிக்கரி மரம், பட்டை பட்டையாகத் தோல் உரிந்து தொங்கிக்கொண்டு. அதன் உச்சியில் எங்கேயோ அணில் கொட்டை கொறித்துக்கொண்டிருந்தது. கரகரவென்று சத்தம் கேட்டது, ஓட்டுத் துணுக்குகள் தூறல் மாதிரி இலைகள்மேல் விழுந்தன, ஆனால் அணில் மட்டும் கண்ணில் படவில்லை. அது தண்டின் அந்தப் பக்கத்தில் இருந்தது. அவள் எழுந்து அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் வந்துவிடும். இந்தப் பக்கம் திரும்பினால் மறுபடி அந்தப் பக்கம். நேற்று அப்படிச் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து, கடைசியில் மரத்தைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். பெருவிரல் இன்னும் வலித்தது.

உதைத்ததைப் புருஷன் ஹோபர்ட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான்.

ஹோபர்ட்டுக்கு அந்த மலைப்பக்கம் முழுக்க அணில் வேட்டைக்காரன் என்று பேர். பெட்ரோல் பங்கில் காப்பிக் கோப்பையோடு நின்றான் என்றால் நாலு பேர் கூடிவிடுவார்கள். "ஈர இலையில நடங்க, சத்தம் வராது. தோளை விட அகலமான மரத்துல முதுகைக் குடுங்க. ரெண்டு கால் டாலர் காசை விளிம்போட விளிம்பு உரசுனா இன்னொரு அணில் கொறிக்குதுன்னு நெனச்சுக்கும். சுட்டவுடனே எந்திரிச்சு ஓடாதீங்க, விழுந்த எடத்தைக் கண்ணால குறிச்சு வச்சுக்கங்க. எல்லாத்துக்கும் மேல, அசையாம உக்காருங்க. அதுவா சுத்தி வரும். அதுவா வரும்!" இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது பாதிரியார் கடைசி ஆசீர்வாதம் சொல்வதுபோல் கையைத் தூக்குவான். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து டெல்ஃபா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனோடு காட்டுக்கும் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் அவளை அவன் பக்கத்தில் உட்கார விட்டதில்லை. "நீ அந்தப் பக்கம் போ. இங்க நின்னு மூச்சு விடாத" என்பான். அவளும் பையை எடுத்துக்கொண்டு மரத்துக்கு அப்பால் போய், மஞ்சள் காளானோ கீரையோ கிடைத்ததைப் பறித்துக்கொண்டு மெல்லச் சுற்றுவாள். விரட்டிவிட்டானே என்று முதல் வருஷங்களில் கோபம் இருந்தது. பிறகு காளான் ருசியில் அதுவும் பழகிப்போனது.

இந்த வருஷம் ஹோபர்ட் டிராக்டரிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான். தொடைவரை மாவுக்கட்டு. ஆகஸ்டில் வேட்டைக்காலம் தொடங்கிவிட்டது. இந்தச் சனிக்கிழமை தேவாலயத்து முற்றத்தில் ஊருக்கே அணில் குழம்பு காய்ச்சக் கொப்பரை ஏற்றுவார்கள். சோளம், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் பொதுவில் வந்துவிடும். அணில் மட்டும் அந்தந்த வீட்டார் கொண்டுவந்து போட வேண்டும். ஒன்றாவது போட வேண்டும். போடாதவர்கள் கடையில் கோழி வாங்கிவந்து போடலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் துடுப்பைக் கையில் கொடுத்துச் சாயங்காலம்வரை கொப்பரையைக் கிண்ட வைப்பார்கள். அடுத்த ஆகஸ்ட்வரை அந்த வீட்டுக்குக் கோழிக்காரர் வீடு என்றுதான் பேர்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நின்றபோது ஹோபர்ட்டின் தம்பி ராஸ்கோ அண்ணனின் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "கவலைப்படாத, உன் வீட்டுக்கும் சேர்த்து நானே ரெண்டு அடிச்சுப் போட்டுடறேன்." ஹோபர்ட் சரி என்று தலையாட்டப் போனான். டெல்ஃபாவுக்கு எங்கிருந்து வந்ததோ, "எங்க வீட்டு அணிலை நான் கொண்டு வர்றேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவரைப் பந்தலை மேய வந்த பெருச்சாளியைக் குறி தவறாமல் சுட்டவள் அவள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது ஹோபர்ட்.

மறுநாளே ராஸ்கோ ஒரு முழுக் கோழியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். "கடையில தள்ளுபடி, அண்ணி. எதுக்கும் உள்ள இருக்கட்டும்." அது குளிர்பெட்டியின் நடுத்தட்டில் இருந்தது. பால் எடுக்கத் திறந்தாலும் வெண்ணெய் எடுக்கத் திறந்தாலும் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது.

அன்றிலிருந்து தினமும் காட்டுக்குப் போகிறாள். தினமும் வெறுங்கையோடு திரும்புகிறாள். தினமும் ஹோபர்ட் வாசல் வராந்தாவில் காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு காத்திருக்கிறான்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அசைஞ்சிருப்ப."

"அசையல."

"சோப்புப் போட்டுக் குளிச்சுட்டுப் போனியா? வாசனை பிடிச்சிருக்கும்."

"உன்னை மாதிரி குளிக்காம போகணுமா?"

"கோவப்படாத, டெல்ஃபா. சொல்றதைக் கேளு. அசையாம உக்காரு, அதுவா சுத்தி வரும். எனக்கு வரலையா?"

அதுதான் அவளை அரித்தது. அவனுக்கு வந்தது. கண்ணால் பார்த்திருக்கிறாள், அவன் பையில் அணில்கள் கனத்ததை. தண்டின் அந்தப் பக்கம் குச்சியை எறிந்து பார்த்தாள். அணில் குச்சியைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. ஹோபர்ட்டின் பழைய கோட்டை ஒரு புதரில் மாட்டிவைத்துப் பார்த்தாள். அணில் அதன்மேல் ஓட்டுத் துணுக்குகளைத் துப்பியது. காசை உரசி உரசி விரல் நுனி கறுத்துவிட்டது. அவன் சொன்ன ஒவ்வொன்றையும் அவன் சொன்னபடியே செய்தாள், எதுவும் நடக்கவில்லை. எனக்குத்தான் ஏதோ குறை என்று நினைக்க ஆரம்பித்தாள். அந்த நினைப்பு கொசுவைவிட அதிகமாகக் கடித்தது.

இப்போது வெள்ளிக்கிழமை. நாளைக்குக் கொப்பரை. கண்ணிமைக் கொசு குடித்து முடித்துப் பறந்துபோயிற்று. கழுத்தில் வியர்வை வழிந்தது. மேலே கரகர.

அப்போது ஹிக்கரிக்கு அப்பால் ஏதோ முறிந்தது. இலை நசுங்கும் சத்தம், பெருமூச்சு. வேலி தாண்டி வந்த இளம் கிடாரி மாடு ஒன்று, பக்கத்துப் பண்ணையுடையது, புதரை மேய்ந்துகொண்டு மெதுவாக வந்தது. இரண்டு எட்டு வைத்தது, நின்றது, தலையை ஆட்டியது. டெல்ஃபா வாயில் வசவு வந்த அதே நொடியில் சாம்பல் வாலொன்று தண்டைச் சுற்றி வழுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. முழங்கை நீள அணில், வெள்ளை வயிறு, கன்னம் புடைக்கக் கொட்டை. கிடாரியின் கண்ணில் படாமல் தண்டில் மறைந்து, அவளுக்கு நேர் எதிரே, பட்டையில் தட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு குழந்தைகூடச் சுட்டிருக்கும்.

டெல்ஃபா சுடவில்லை. துப்பாக்கி மடியிலேயே கிடந்தது. அவள் அணிலையும் பார்க்கவில்லை, கிடாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்ற இடத்தை. இலையைக் கலைத்துக்கொண்டு, குனிந்து எதையோ பறித்துக்கொண்டு, மெல்லச் சுற்றிக்கொண்டு, இத்தனை வருஷமும் அந்த இடத்தில் நின்றது யார்?

அணில் அவள் முகத்தில் என்னத்தைக் கண்டதோ, குவாக் குவாக் என்று திட்டிவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது.

வராந்தாப் படியில் ஏறியபோது ஹோபர்ட் கேட்டான், "அசைஞ்சியா?"

அவள் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். சுவரில் சாய்த்தாள். பிறகுதான் பேசினாள்.

"ஹோபர்ட், அணில் எப்படிச் சுத்தி வரும்?"

"அதுவா வரும். எத்தனை தடவை..."

"அதுவா வராது. அந்தப் பக்கம் மாடு வந்தா வரும். இன்னிக்குப் பார்த்தேன். இத்தனை வருஷமா நான்தான்யா உன் மாடு."

அவன் மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை நகத்தால் நெருடினான்.

"தெரிஞ்சு அனுப்பினியா, தெரியாம அனுப்பினியா? அதை மட்டும் சொல்லு."

அவன் நூலைப் பிடித்து இழுத்து அறுத்தான். "மொத வருஷம் தெரியும்" என்றான். "அப்புறம் மறந்துட்டேன்."

அவள் உள்ளே போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். எதற்குத் திறந்தாள் என்று தெரியவில்லை. கோழி பார்த்தது. பட்டென்று சாத்தினாள். தெரியாமல் அனுப்பியிருந்தால் அவனை முட்டாள் என்று திட்டலாம். தெரிந்தே அனுப்பியிருந்தால் திருடன் என்று திட்டலாம். மறந்துபோனவனை என்னவென்று திட்டுவது? ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தாள். அவன் ரொட்டி நல்லா இருக்கு என்றான். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

சனிக்கிழமை. இன்னும் சரியாக வெளுக்கவில்லை. காப்பி கொதித்துக்கொண்டிருந்தபோது வெளியே லாரியின் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஹோபர்ட் பக்கத்து இருக்கையில், மாவுக்கட்டுக் காலை முன்பலகைமேல் ஏற்றி, இரண்டு ஊன்றுகோல்களையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே எப்படிப் போய் ஏறினான் என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். நைட்சட்டையைக்கூட மாற்றவில்லை.

"என்ன பார்க்கற? கிளம்பு. மாடு ரெடி."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அவ்வளவு சீக்கிரம் அவனுக்கு அதைக் கொடுக்க மனசில்லை.

மரம் வெட்டுகிறவர்களின் பழைய பாதையில் லாரி குலுங்கிக் குலுங்கி ஏறியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் "ஐயோ" என்றான். அவள் மெதுவாக ஓட்டினாள் என்று சொல்லமாட்டேன். ஹிக்கரிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவனை இறக்கி, மரத்துக்கு அப்பால் பள்ளமாக இருந்த இடத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள்.

"இந்தக் கரைக்குக் கீழேயே இரு. தலையைத் தூக்காத. பின்னால தண்டு இருந்தாத்தான் சுடுவேன்."

"எனக்கே சொல்றியா?"

"ஆமா. உனக்கேதான். இங்க நின்னு மூச்சு விடு. நல்லா விடு."

அவள் திரும்பிவந்து ஓக் மரத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். வெளிச்சம் இலைகளுக்குள் இறங்கியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உச்சிக் கிளை ஒன்று கனத்தால் வளைந்தது, நிமிர்ந்தது. கரகர. முதல் ஓட்டுத் துணுக்கு விழுந்தது.

"சரி" என்றாள், உரக்க இல்லை, கேட்கும் அளவுக்கு.

அந்தப் பக்கம் ஹோபர்ட் நடக்க ஆரம்பித்தான். அதை நடை என்று சொல்ல முடியாது. ஊன்றுகோல் இலையில் வழுக்கியது, வேர் ஒன்றில் இடித்தது, "சனியனே" என்றான், முள் எதிலோ நைட்சட்டை மாட்டிக் கிழிந்தது, மறுபடி "சனியனே" என்றான். ஒரு கிடாரி போதாது, ஒரு மந்தையே இறங்கியதுபோல் இருந்தது. அங்கே குனிந்து காளான் பறித்த நாட்களில் அவள் இவ்வளவு சத்தம் போட்டதே இல்லை. எவ்வளவு பக்குவமாக நடந்திருக்கிறோம் என்று அவளுக்கு முதல்தடவையாகத் தோன்றியது. துப்பாக்கியின் பாதுகாப்பு விசையை விரலால் தள்ளினாள்.

வால் நுனிதான் முதலில் தெரிந்தது. அப்புறம் முதுகு. தண்டைச் சுற்றி வழுக்கிக்கொண்டு அது வந்தது, அந்தப் பக்கத்துச் சத்தத்துக்கு மறைந்துகொண்டு, வெள்ளை வயிறு பட்டையில் ஒட்ட, தலைகீழாக, பின்னால் முழுத் தண்டும் இருக்க. கன்னம் புடைத்திருந்தது. குழல்முனைக் குறிமுள் அதன் காதுக்குக் கீழே போய் நின்றது.

"டெல்ஃபா" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு, "வந்துச்சா?"

அவள் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் இந்தப் பக்கத்திலிருந்து யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"வந்துச்சாடி? ஏதாவது சொல்லேன்!"

அணில் காதை அந்தக் குரலின் பக்கம் திருப்பியது. கன்னத்திலிருந்து ஒரு துணுக்கு நழுவி, வெயிலில் ஒரு பொட்டாக மின்னி, கீழே விழுந்துகொண்டிருந்தது. டெல்ஃபா பாதி மூச்சை வெளியே விட்டு, மீதியை அடக்கி, விரலை வளைத்தாள்.

அவ்வளவுதான், செல்லங்களா. ராஸ்கோவின் கோழி குளிர்பெட்டியிலேயே இருந்துவிட்டது. உங்கள் வீட்டு அடுப்பில் என்றைக்கும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கட்டும். உங்கள் வீட்டில் மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் யாரோ, அவர் குரல் இந்தப் பக்கம் கேட்கட்டும், இந்தப் பக்கத்துக் குரல் அவருக்கும் போய்ச் சேரட்டும். காலும் கையும் முறியாமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.