நிஷாவின் சீர் இருக்கும் இடம்

1

இந்தக் கதை ஒரு செய்திக்கட்டுரையின் மிச்சம். உத்திரமேரூர் பக்கம், ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலையொன்றை வாடகைக் கிடங்காக மாற்றியிருந்தார்கள். வீடு கட்டுகிறவர்களும் வெளிநாடு போகிறவர்களும் சாமான்களையும் வண்டிகளையும் அங்கே போட்டுவைக்கிறார்கள் என்று எழுதப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் புது ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார். சிறிது நேரம் சத்தத்தைக் கேட்டார். அணைத்து, சாக்கால் மூடினார். ஓட்டவில்லை. நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை.

முதல் தொடக்கம்: "மழை வரும்போல் இருந்தது. இருசப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு..."

வேண்டாம். மழையைக் கூப்பிட்டால் நீங்கள் இப்போதே அவருக்காக இரங்கத் தொடங்கிவிடுவீர்கள். அதற்கு அவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

2

இருசப்பன் பெருநகரில் கொத்தனார். ஒரே மகள் நிஷா. அவள் கல்யாணத்துக்குச் சீர் போனது தெருவுக்கே தெரியும். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், பாத்திரங்கள், ரிப்பன் கட்டிய ஸ்கூட்டர். எல்லாவற்றையும் வாசலில் பரப்பி, நாலு பேர் பார்க்கட்டும் என்று விட்டுவைத்து, சாயங்காலம்தான் டாடா ஏஸில் ஏற்றினார்.

கல்யாணம் நிலைக்கவில்லை. நிஷா ஒரு பையோடு திரும்பி வந்தாள். [ஏன் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துவிட்டேன். அது அவள் சொல்ல வேண்டியது.] கொஞ்ச நாளில் திருமுக்கூடலிலிருந்து சம்பந்தி போன் செய்தார்.

"எல்லாத்தியும் வண்டில ஏத்தி அனுப்பிச்சிட்டேன் சம்பந்தி. ஒரு கரண்டி கொறயாது. பாத்து எறக்கிக்குங்க."

சீர் போன தெருவிலேயே சீர் திரும்பி வரப்போகிறது. பீரோவின் கண்ணாடி ஒவ்வொரு வாசலையும் காட்டிக்கொண்டு வரும். இருசப்பன் பாதிவழியில் வண்டியை மறித்து, ஆலைக் கிடங்குக்குத் திருப்பினார். வீட்டில் கேட்டதற்கு, "நேர்ல போயி கேட்டேன். தர மாட்டேன்னுட்டானுங்க" என்றார்.

(இங்கே எனக்கு என் ஆளின்மேல் சந்தேகம் வந்தது. பெற்ற மகளிடமா? ஆனால் அவளிடம் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்வாள். கொண்டுவந்தால் தெரு பார்க்கும். எழுதி முடித்தபோது நம்பிவிட்டேன்.)

அந்தப் பொய் அவருக்கு மரியாதையைக் கொடுத்தது. எதிர்வீட்டுச் சொக்கம்மாள் வாசலில் நின்று திருமுக்கூடல் பக்கம் கையை நீட்டித் திட்டினாள்: "பொண்ணோட பொருள முயுங்கிட்டு எப்டிடா சோறு எறங்குது உங்களுக்கு?" இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

3

கிடங்கை நடத்தும் ஸ்ரீராம்குமார் காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரக் குடும்பம். கரையான் ஏறாமல் பீரோவுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தான். ஃபிரிட்ஜுக்குள் பூஞ்சை பிடிக்காமல் கதவில் துணியை மடித்துச் செருகியிருந்தான். எலி வயரைக் கடிக்காதிருக்க ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பாச்சை உருண்டை.

"அண்ணே, சும்மா ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணிக்கினு இருந்தா ஆவாது. ஒரு ரவுண்டு ஓட்னாத்தான் பேட்டரி நிக்கும்."

"எனுக்கு ஓட்டத் தெரியாதுப்பா."

"ஓட்றவங்கள இட்டுக்கினு வாங்க. யாரு வண்டி?"

"வூடு கட்றோம். முடிஞ்சதும் எடுத்துக்கிறேன்."

"கொத்தனாரு வூடே முடியலன்னா நாங்கெல்லாம் எங்கண்ணே போறது?" ஸ்ரீராம்குமார் சிரித்தான். இருசப்பனும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே சாக்கை இழுத்து மூடினார்.

4

"நைனா, நாளைக்கி லீவு போட்டுக்கீறேன்" என்றாள் நிஷா. "மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடலாம். நீயும் வா."

"போலீஸு எதுக்கும்மா? நாத்தம் புடிச்ச பொருளு. போனா போவுது."

"இன்னா போனா போவுது? நீ வெயில்ல சாரத்து மேல நின்னு வாங்கினது. அந்த வண்டி இருந்தா நான் ஏன் தெனம் பஸ்ல இடிபட்டுக்கினு வேலைக்குப் போறேன்?"

"வுடாதடி" என்றாள் அவர் மனைவி செங்கேணி, அடுப்படியிலிருந்து. "அந்தாள புடிச்சி உள்ள வைக்கட்டும். நான் வந்து பாக்கணும்."

சம்பந்தி கரண்டியைக்கூட எண்ணி அனுப்பியவர். இருசப்பன் "போலாம்" என்றார். சொல்ல நினைத்தது வேறு. அது...

5

முடிவு அ: பஸ்ஸில் சொல்லிவிடுகிறார். நிஷா அழுகிறாள், மன்னிக்கிறாள். இதை அடித்து நீக்கிவிட்டேன். அவள் மன்னிப்பை எடுத்து அவருக்குக் கொடுக்க நான் யார்?

முடிவு ஆ: சம்பந்தி டாடா ஏஸ் டிரைவரைக் கூட்டிவந்து ஸ்டேஷனில் நிறுத்துகிறார். உண்மை வெளியாகிறது. பிடிபட்டுவிட்டால் தானாக வாயைத் திறக்க வேண்டியதில்லை. இருசப்பன் உள்ளூர வேண்டிக்கொள்வது இதைத்தான். அதனாலேயே தர மாட்டேன்.

6

ஆகவே ஸ்டேஷன் பெஞ்சு. ஏட்டம்மா கேட்கிறார்: "சாமான் இப்ப யாருகிட்ட கீது?"

"மாமனார் வூட்லதான் மேடம்."

"நேர்ல போயி கேட்டது யாரு?"

நிஷா அப்பாவின் பக்கம் திரும்புகிறாள். "நீதான நைனா போன? சொல்லு. பயப்படாத, நான் கீறேன்ல."

இங்கே இருசப்பனுக்கு ஒரு வாக்கியம் வேண்டும். "எங்கிட்டதான் கீதும்மா." அதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நான் எழுதினால் அது நான் சொன்னது, அவர் சொன்னதாகாது. ஏட்டம்மா பேனாவோடு காத்திருக்கிறார். நிஷா தைரியம் கொடுப்பதற்காக அவர் கையைப் பிடித்திருக்கிறாள்.

நான் எழுந்துகொள்கிறேன். அவர் பக்கத்தில் பெஞ்சில் இடம் இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள்.