சன்னலைச் சாத்தி உதறிய உடுப்பு

"உங்க வீட்டுல யாராச்சும் அஸ்பெஸ்டாஸ் வேலை செஞ்சாங்களா, ஐயா?"

டாக்டர் சந்திரசேகரன் கேட்பது இது இரண்டாம் முறை. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார் அப்புத்துரை. கட்டிலில் மகள் புஷ்பராணி மூச்சுக்குத் திணறினாள். அன்று காலையும் அவள் நெஞ்சிலிருந்து நீர் எடுத்திருந்தார்கள்.

"நாங்க ஆபீசுல எழுதுற கிராணிப் பரம்பரை. என் மருமகனும் கிராணிதான்."

முப்பது வருஷமாக ஜார்ஜ் டவுன் முழுக்கச் சொல்லிவந்த பொய் அது. புஷ்பராணியின் கணவன் விநாசித்தம்பி கடலுக்கு அக்கரையில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில், கொதிகலன் குழாய்களுக்கு அஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரைச் சுற்றியவன். மாமனார் சொற்படி ஃபெரியில் வெள்ளைச் சட்டையோடுதான் போவான், வருவான். காக்கி உடுப்பு பைக்குள் இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் வயிறு ஊதிச் செத்தான். குடித்தே செத்தான் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். அப்புத்துரை மறுக்கவில்லை. குடிகாரன் என்ற பேர் அவனோடு போய்விடும். கூலி என்ற பேர் குடும்பத்தில் தங்கிவிடும்.

"இந்தப் புத்துநோய் ஒரே மாதிரி வராது, ஐயா. நுரையீரலைச் சுத்தியிருக்கிற உறையில வரும். உங்க மகளுக்கு அதுதான். வயித்து உறையிலயும் வரும், அப்போ வயிறு ஊதிடும். செல்லை வச்சும் வகை பிரிப்பாங்க." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இவங்களுக்கு ரொம்ப மோசமான வகை. அஸ்பெஸ்டாஸ் தூசு உள்ள போயி எத்தனையோ வருஷம் கழிச்சு வருது."

அப்புத்துரை நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"தூசு... உடுப்புல ஒட்டிட்டு வந்தாலுமா?"

"வந்தாலும்தான். யாரு தோய்ச்சாங்க?"

"நான்தான், டாக்டர்." புஷ்பராணி கண் திறந்தாள். "வெளியில உதறினா பக்கத்து வீட்டு நோர்மா பாத்துடுவாங்களாம். சன்னலச் சாத்திட்டு உள்ளயே உதறச் சொன்னாங்க அப்பா." மூச்சு வாங்கினாள். "அப்பா வாசல்ல உக்காந்து பேப்பர் படிப்பாங்க. தூசு ஆகாதுலா அவங்களுக்கு."

புஷ்பராணி அப்பாவின் பக்கம் முகம் திருப்பினாள்.

"அவரு ஒரு சொட்டு குடிச்சதில்லப்பா. கோயில்ல அப்படிப் பேசினப்போ நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். "மருமகன் என்ன வேலைன்னு எழுதட்டும், ஐயா?"

அப்புத்துரை எழுந்து நின்றார்.

"கூலி. கல்நார் சுத்துற கூலி. குடிக்காதவன்."

வராந்தாவரை கேட்கும்படி சொன்னார். புஷ்பராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் அதையே இன்னொரு முறை சொன்னார். அவள் திரும்பவில்லை.