உள்ளங்கால் மச்சம்

டிப்போவில் அவருக்கு மச்சக்காரர் என்றுதான் பெயர். வலது உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம். கால் மச்சம் ஊர் சுற்ற வைக்கும் என்பார்களே, பஸ் டிரைவருக்கு வேறென்ன வேண்டும்? மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. ஓய்வறையில் கேட்காதவர்களுக்கும் காலைத் தூக்கிக் காட்டுவார்.

அவர் மனைவி தையற்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோபாவில் கால் நீட்டித் தூங்கியவரின் பாதத்தைப் பார்த்தவள் கிட்டே போய்க் குனிந்தாள். கல்யாணமான புதிதில் அங்கே ஒன்றுமே கிடையாது. போன வருடம் மிளகளவு இருந்தது, இப்போது சட்டைப் பொத்தான் அளவு! ஓரமெல்லாம் மழுங்கிய கத்தரியால் வெட்டிய துணி மாதிரி பிசிறு. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பழுப்பு.

"டாக்டர்கிட்ட போலாங்க."

"மச்சம் வளர்ந்தா அதிர்ஷ்டம் வளருதுன்னு அர்த்தம்டி. வலியா, அரிப்பா? ஒண்ணுமில்லயே!"

"நாப்பது வயசுக்கு மேல முளைச்சு, வளர்ந்துகிட்டே போகுது. நீங்க மச்சம்னு பேர் வச்சுட்டா ஆச்சா?"

அவர் மழுப்பினார். அவள் பேச்சை நிறுத்தினாள். ஓயாமல் பேசுகிறவள் வாயை மூடியதும் மனிதர் அரண்டுபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தோல் புற்றுநோய் என்று வந்தது.

"வெயிலே படாத இடமாச்சே டாக்டர்?" டிரைவர் காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்த வகை, நம்ம மாதிரி கறுத்த தோல்ல வந்தா, பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் வரும். அங்கெல்லாம் யாரும் பாக்குறதில்ல. எவ்வளவு ஆழம்னு ஆபரேஷனுக்கு அப்புறம்தான் சொல்ல முடியும்."

ஆபரேஷன் முடிந்தது. முடிவு வரும்வரை அவளுக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, பிரிக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்து அழுதாள். இந்த மனிதர் இல்லாத வீட்டை அவளால் நினைக்கவே முடியவில்லை.

டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆழமாப் போகல. சுத்தி இருந்த தோலோட சேத்து முழுசா எடுத்தாச்சு. செக்கப்புக்கு மட்டும் தவறாம வாங்க. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா நான் இப்படிச் சிரிச்சுப் பேசியிருக்க மாட்டேன்."

வராந்தாவுக்கு வந்தவள் அடக்க முடியாமல் 'ஓ'வென்று கத்திவிட்டாள். சந்தோஷக் கூச்சல்! நர்ஸ் ஓடிவந்து, "ஆஸ்பத்திரிம்மா, சத்தம் போடாதீங்க" என்றாள்.

கட்டுப்போட்ட காலோடு பின்னால் நொண்டி வந்தவர் கையமர்த்தினார்.

"கத்தட்டும் சிஸ்டர். பொழச்சது நானு, ஜெயிச்சது அவ."