லேசியெலியின் வசவு

மாங்கெரேயில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லாவினியா, பிரிஸ்பேனுக்குக் குடிபோன சக ஓட்டுநரிடமிருந்து ஒரு பழைய சாம்ப்ளரை வாங்கி வந்தாள். மைக்கில் பிடித்த சத்தத்தை அதில் துண்டு துண்டாக வெட்டி, பொத்தான்களில் வைத்து, விரலால் தட்டித் தாளம் கட்டலாம். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கைதட்டலைப் பதிவு செய்தால் அதற்கு முன் அவள் மூச்சு கேட்டது. வேகத்தைக் கூட்டினால் குரல் கீச்சிட்டது. ஆனாலும், தம்பி மகளின் இருபத்தோராம் பிறந்தநாளுக்கு ஆட்டப் பாட்டு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள்.

"அக்கா, நீ ஹாரன் அடிக்கிறதோட நிறுத்திக்கயேன்" என்றான் தம்பி செமிசி.

ஒரு மத்தியானம் சமையலறையில் சட்டி மூடியைத் தட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அவள் வளர்க்கும் நாய் ஓர் இறைச்சித் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. தம்பி மனைவி லேசியெலி பாய்ந்தாள்: "ஏய், போடு! கீழ போடு! நாசமாப் போற நாயே!"

அதுவும் பதிவாகிவிட்டது. லாவினியா வெட்டிப் பொத்தான்களில் வைத்துத் தட்டினாள். 'கீழ போடு' தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. தனியாகச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே இஸ்திரிப் பெட்டிக்காகச் சாம்ப்ளரின் பிளக்கைப் பிடுங்கினாள். மறுபடி போட்டபோது உள்ளே ஒன்றுமில்லை. சேமிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

விழாவுக்கு முந்தின நாள் லேசியெலியிடம் கேட்டாள். "இன்னொரு தடவை திட்டேன்."

லேசியெலி மைக் முன்னால் நின்று, தேவாலயத்தில் வசனம் வாசிப்பதுபோல, "நாயே, அதைக் கீழே போடு" என்றாள். "உங்க முன்னாடி வர மாட்டேங்குது அண்ணி."

வராதுதான். இவர்களைப் போன்ற தோங்காத் தீவுக்காரர் வீட்டில் புருஷனின் அக்காவுக்கு முன்னால் குரல் உயராது. கல்யாணமாகி வந்த நாள் முதல் லேசியெலி அந்த மரியாதையில் குறை வைத்ததில்லை.

லாவினியா சாம்ப்ளரை ஓடவிட்டாள். மறுநாள் விருந்துக்கு, சேம்பு இலையில் பொதிந்து வேகவைக்கும் லூ செய்ய வைத்திருந்த உப்பிறைச்சியில் பெரிய துண்டை எடுத்து, கதவைத் திறந்து நாய்க்கு நீட்டினாள்.

"ஏ லாவினியா! வை கீழ! உனக்கு மூளை இருக்கா? நூறு பேருக்கு யாரு சமைக்கிறது, உன் நாயா?"

லேசியெலி வாயைப் பொத்திக்கொண்டாள். செமிசி வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

"இரு, முதல்ல சேமிச்சுக்கறேன்" என்று லாவினியா பொத்தானை அழுத்தினாள். பிறகுதான் சிரித்தாள். லேசியெலிக்குச் சிரிப்பு வரச் சற்று நேரம் ஆனது.

மண்டபத்தில் பாட்டு ஒலித்தபோது தாளம் இரண்டு இடத்தில் தடுமாறியது. ஒருவரும் கவனிக்கவில்லை. 'வை கீழ' வரும்போதெல்லாம் பெண்கள் குனிந்து குனிந்து ஆடினார்கள். அது யார் குரல் என்று போதகர் கேட்டதற்கு லேசியெலி, "யாரோ வாயாடி" என்றாள்.

திங்கட்கிழமை காலை லாவினியா மறுபடி சாம்ப்ளரின் முன் உட்கார்ந்திருந்தாள். லேசியெலி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளைங்க ரோட்டுல நிக்குதுங்க. பஸ்ஸை எடுக்கப் போறியா, இல்லையா?"

லாவினியா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.