மீட்டர் கணக்கில் வந்தவர்

லிஃப்ட் மெக்கானிக் தினமும் சாயங்காலம் இரண்டு முறை வீடு திரும்பினார். முதலில் மீட்டர் கணக்கில், பிறகு சாலைக் கணக்கில். முதலில் வந்தவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டி, முகம் கழுவி, டீ குடித்து, மகளின் கணக்குப் பாடத்தைக்கூடப் பார்த்துக்கொடுப்பார். டம்ளர் காலியாகும் நேரத்தில் தெருமுனையில் அதே வண்டிச் சத்தம் மறுபடி கேட்கும். எல்லோரும் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நாற்காலியில் ஆள் இருக்காது. வாசலில் தூசியும் எரிச்சலுமாக அவரே நிற்பார். தெருவில் ஒரு வாரம் இதைப் பேசினார்கள். அடுத்த வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை, அதைப் பேசப் போய்விட்டார்கள்.

மெக்கானிக்குக் கம்பெனியில் 'லேட்டு' என்று பெயர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு நிமிடம் ஒரு யுகம், யார் எப்போது போனாலும் தாமதம்தான். ஆனால் அவர் உண்மையிலேயே தாமதமாகத்தான் போவார். பெற்ற அம்மாவே அவருக்கு மட்டும் எந்தக் காரியத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னதாக நேரம் சொல்லிவைப்பார். "வந்துடுவான். ஆனா எல்லாம் முடிஞ்சப்புறம் வருவான்" என்பது மகனைப் பற்றி அம்மா எல்லோரிடமும் சொல்வது. அதைக் கேட்டுக் கேட்டு வெந்துபோய்த்தான் அவர் சக்திக்கு மீறிய வண்டி ஒன்றை வாங்கினார். அதுவும் பைபாஸில் டாங்க் மேல் படுத்து ஓட்டினாலும் நூற்று இருபத்தெட்டுக்கு மேல் ஏற மறுத்தது.

அப்போதுதான் மச்சினன் லேப்டாப்போடு வந்தான். செல்போன் கடையில் வேலை பார்க்கும் பையன், நாலு வீடியோ பார்த்திருந்தான், ஒரு கேபிள் வாங்கியிருந்தான். வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே கட்டம் கட்டமாக எண்கள். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும், இன்ஜின் எத்தனை சுற்றில் அடங்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. புரிந்த எண்களைக் கொஞ்சம் ஏற்றினான். புரியாததை மட்டும் விட்டுவைப்பானேன் என்று அதையும் ஏற்றினான். அப்படி ஏற்றியதில் ஒன்று சக்கரத்தின் சுற்றளவு. சக்கரம் பெரிது என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் மீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டும். அதற்காக வண்டி கூடுதலாக ஓடிவிடாது.

அன்று மீட்டர் நூற்று ஐம்பத்தாறைத் தொட்டது. மெக்கானிக்கின் பையிலிருந்த போனோ நூற்று இருபத்திரண்டு என்றது. "போன் எல்லாம் சும்மா தோராயமாக் காட்டும் மாமா. மீட்டர்தான் கம்பெனிக்காரன் வச்சது" என்றான் மச்சினன். கம்பெனிக்காரன் வைத்ததைத் தான்தான் சற்றுமுன் கலைத்தோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. மெக்கானிக்குக் கேட்க மனமில்லை. கிடைக்காமல் கிடைத்த எண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

சொல்லப்போனால் எல்லா மீட்டரும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்டி யாராவது போலீஸில் மாட்டிக்கொண்டால் பழி தங்கள் தலையில் விழும் என்று செய்கிறவர்களே அப்படி வைத்துவிடுகிறார்கள். அதனால் வண்டி ஓட்டுகிற எல்லோருமே தாங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுகிறார்கள். வாசல் நாய் முன்கூட்டியே வாலாட்டுவது அதைப் பார்த்துத்தான். மெக்கானிக் விஷயத்தில் அந்தக் கொஞ்சம், ஒரு டம்ளர் டீ குடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வீட்டில் பழகிக்கொண்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே பழகிக்கொண்டார்கள். முதலில் வருகிறவர் சட்டை கசங்காமல் வருவார், சூப்பர்வைசரைத் திட்டமாட்டார். மனைவி அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவரிடம்தான் சொல்வாள். பின்னால் வருகிறவருக்கு தண்ணீர் மோட்டார் ரிப்பேரும் வீட்டு ஓனரோடு சண்டையும் மிஞ்சும். டீ கேட்டால், "இப்பத்தானே குடிச்சீங்க" என்பாள். முன்னால் வந்தவர் பார்த்தது, கேட்டது எதுவும் பின்னால் வந்தவருக்குத் தெரியாது. தன் வீட்டில் தனக்கே இரண்டாம் இடம் என்பதை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார்.

பிறகு அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். உடனே வரச் சொல்லி வேலை இடத்துக்கு போன் போனது. மெக்கானிக் விரட்டினார், மீட்டர் முள் கடைசிக் கோட்டில் நின்றது. மீட்டர் கணக்கில் வந்தவர் நேரத்துக்கு வந்துவிட்டார். அம்மா அவரைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னார், கையைப் பிடித்தபடியே போய்ச்சேர்ந்தார். சாலைக் கணக்கில் வந்தவர் நாலு மாடி படியேறி வந்தார், அங்கே லிஃப்ட் ரிப்பேர். கட்டிலருகே நாற்காலி மட்டும் இருந்தது.

"நல்லவேளை, கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தீங்க" என்றாள் நர்ஸ்.

"என்ன சொன்னாங்க?" என்று மனைவியைக் கேட்டார்.

"அத்தை உங்க காதுலதானே சொன்னாங்க."

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவள் கடைசியாகச் சொன்னது தன் காதில் விழுந்தும் விழாமல் போனதை எந்த மகன் தாங்குவான்? முன்னால் வருகிறவரிடம் கேட்டுவைக்கும்படி மனைவியிடம் கெஞ்சினார். அவள் கேட்டாள். "அவன்தானே தெரிஞ்சுக்கணும், அவனே கேக்கட்டும்" என்று பதில் வந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தார், வேகமாக ஓட்டிப் பார்த்தார். எப்படி ஓட்டினாலும் மற்றவர் முன்னால்தான் இருந்தார்.

அதற்குள் மச்சினனுக்குத் தொழில் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. "சுத்தளவைச் சரியா வச்சுட்டா ஒருத்தர்தான் மாமா வருவீங்க" என்றான்.

"சரியா வைக்காதே, குறைச்சு வை. நான் முன்னாடி வந்து உட்கார்ந்திருக்கணும். அவன் பின்னாடி வரட்டும்."

"முன்னாடி வர்றவர்தானே மாமா காணாமப் போறது?"

"கேட்டுட்டுப் போறேன்."

மனைவி பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் தடுக்கவில்லை என்று இன்றுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் சாலைக் கணக்கில் முதலில் வந்தார். தூசியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் டீ கொடுத்தாள், சூடாக இருந்தது. பாதி குடிக்கும்போது தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. மற்றவர் உள்ளே வந்து ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினார்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'நீ அவன் இல்லைன்னு தெரியும். அவன் இந்நேரத்துக்கு வரமாட்டான். பரவாயில்ல, நீயே இரு'ன்னாங்க."

"என்னைப் பத்தி வேற எதுவும் கேக்கலையா?"

"கேக்கல."

மகள் கணக்கு நோட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். நின்றுகொண்டிருந்தவரிடம் நேராகப் போய் நீட்டினாள். அவர் வாங்கிப் புரட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் ஆள் இல்லை, டம்ளரில் பாதி டீ இருந்தது. மனைவி அதைக் கொட்டிக் கழுவிவைத்தாள்.

மறுநாள் காலையில் மச்சினன் சுற்றளவைச் சரியாக வைத்துக்கொடுத்தான். அன்றிலிருந்து மெக்கானிக் ஒரு முறைதான் வீடு திரும்புகிறார். கம்பெனியில் 'லேட்டு' என்ற பெயரும் மறந்துபோய்விட்டது. எதிர்வீட்டுக்காரி மட்டும் மனசு கேட்காமல் ஒருநாள், கடைசியில் தங்கினது எந்த ஆள் என்று கேட்டுவிட்டாள்.

"நேரத்துக்கு வர்றவரு" என்று சொல்லிவிட்டு மனைவி டீ போட உள்ளே போனாள்.