கூடுதலாயிருந்த கால் அங்குலம்

பெண் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் கொண்டு வருவார்கள், பழம் கொண்டு வருவார்கள். முஆஸ் கொண்டு வந்தது ஒரு பெரிய அட்டைப்பெட்டி. தில்லையடியில் ஸஃப்னாவின் வீட்டு முன்னறையில், எல்லோரும் பார்த்திருக்க அதைத் திறந்தான். உள்ளே கடதாசியில் செய்த விமானம் ஒன்று அரைகுறையாக இருந்தது.

“முதன்முதலா இஞ்சின் பூட்டிப் பறந்த பிளேன் இது. மேல ஒரு இறக்கை, கீழ ஒரு இறக்கை. நடுவில குறுக்கும் மறுக்குமா நூல் கட்டணும். ஒண்டை இழுத்தா மற்றது தொங்குது. உங்கட கைக்கு நூல் வசப்படும் எண்டு சொன்னாங்க. ஒரு கிழமைல கட்டித் தர ஏலுமா?”

கேட்டது ஸஃப்னாவிடம்தான். அவள் உம்மா வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்துபோனார். சம்பந்தம் பேசிய பதியுதீன் மாமாவுக்கு இருமல் வந்தது. முஆஸின் உம்மாவோ, இவன் யார் பெற்ற பிள்ளையோ என்பதுபோல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலும்,” என்றாள் ஸஃப்னா. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை, அவள் உட்பட.

அவர்கள் போனதும் உம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டார். “பொண்ணு பாக்க வந்தாரா, தைக்கக் குடுக்க வந்தாரா?”

மாமா மாப்பிள்ளைக்காகப் பரிந்து பேசினார். கரைத்தீவுக் குடும்பம், மன்னாரிலிருந்து வந்து குடியேறியவர்கள். பையன் கண்டக்குழியில் படகு இஞ்சின் திருத்துகிறான். பள்ளிவாசலில் விசாரித்தாயிற்று, வேலையிடத்தில் விசாரித்தாயிற்று. தொழுகை உண்டு, சிகரெட் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஸஃப்னாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதன் கோபம் வந்தால் எப்படி இருப்பான்? அதை எந்தப் பள்ளிவாசலில் விசாரிப்பது? கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா ஜெமீலாவின் மாப்பிள்ளையும் இதே விசாரணையில் முதல் வகுப்பில் தேறியவர்தான். தேறியவர் வீட்டுக்குள் வந்து, உப்புக் கூடினால் தட்டை எறிந்தார். தட்டு முடிந்ததும் கையை ஓங்கினார். ராத்தா விவாகத்தை முறித்துக்கொண்டு வந்து இங்கேயே இருக்கிறாள். அதற்குப் பிறகு தனக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாவற்றுக்கும் ஸஃப்னா மாட்டேன் என்றே சொல்லி வந்தாள். காரணம் கேட்டால், மனசுக்குப் பிடிக்கவில்லை என்பாள். பயம் என்று சொன்னால் ராத்தாவுக்கு நோகும்.

மறுநாள் தையல் மேசையைத் துடைத்து விமானத்தை எடுத்து வைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தவள் அசந்துபோனாள். கச்சான் காற்றுக் காலத்தில் படகுகள் கரையேறிக் கிடந்த மாதங்களில் செய்தானாம். இணையத்தில் எடுத்து, கொமினிகேஷன் கடையில் பிறிஸ்டல் போட் அட்டையில் அச்சடித்து, ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியிருந்தான். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி வரிசையாக மெல்லிய பட்டிகள். தீப்பெட்டியளவுகூட இல்லாத ஓர் இஞ்சின், அதிலும் சின்னச் சின்னக் குழாய்கள். இவ்வளவு நுணுக்கத்துக்கும் மெக்கானிக்கின் தடித்த விரல்கள் எப்படி அடங்கின?

நூலில் அவனுடைய பிழை அவளுக்கு உடனே விளங்கியது. ஓரத்திலிருந்து கட்டி உள்ளே வந்திருக்கிறான். அவள் எல்லாவற்றையும் அவிழ்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டிக்கொண்டு போனாள். குறுக்கே போகிற இரண்டு நூலையும் ஒன்றாக இழுத்து ஒன்றாக முடிந்தாள். தொங்கிய இறக்கை விறைத்து நின்றது. சுண்டினால் கிண்ணென்றது. கூப்பிட்டுக் காட்ட ஆள் தேடி, கடைசியில் ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தையற்காரிக்குக் கை சும்மா இருக்குமா? அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள். வலப்பக்க இறக்கை இடப்பக்கத்தைவிடக் கால் அங்குலம் நீளம். மேல் இறக்கையும் அப்படி, கீழ் இறக்கையும் அப்படி. துணியை இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டிப் பழகியவளுக்கு அது கண்ணில் தூசியாக உறுத்தியது. பாவம், வெட்டுகையில் தவறிவிட்டான் என்று நினைத்தாள். ஓரப் பட்டியைக் கழற்றி, கூடுதலாயிருந்ததைச் சீவி எறிந்து, பட்டியைத் திரும்ப ஒட்டினாள். வெட்டின இடம் வெட்டினவளுக்கே தெரியாது.

ஆனால் இன்னொரு கேள்வி அவளை விடவில்லை. கீழ் இறக்கையில் ஒரு கடதாசி மனிதன் குப்புறப் படுத்திருந்தான். அவனை ஏன் நடுவில் போடவில்லை? ஏன் இடப்பக்கம் தள்ளிக் கிடக்கிறான்? இரண்டு நாள் கழித்து, பொறுக்க மாட்டாமல் கைபேசியில் தேடினாள். நடுவுக்கு வலப்பக்கம் இஞ்சின், இடப்பக்கம் மனிதன். மனிதனைவிட இஞ்சின் பாரம். அது தாழாமல் இருக்கத்தான் அமெரிக்காவின் அந்த இரண்டு சகோதரர்கள் இஞ்சின் பக்கத்து இறக்கையை நாலு அங்குலம் நீளமாகச் செய்தார்களாம். வேண்டுமென்றே செய்தார்களாம். இந்தச் சின்னக் கடதாசி விமானத்தில் அதுதான் அந்தக் கால் அங்குலம்.

ஸஃப்னா குப்பைக் கூடையை ஓடிப்போய்ப் பார்த்தாள். காலையில்தான் குப்பை ட்ராக்டர் வந்து போயிருந்தது.

“எலி கடிச்சிட்டு எண்டு சொல்லுவம்,” என்றார் மாமா.

“எலி அடிமட்டம் வெச்சு அளந்தா கடிக்கும்?” என்றாள் ஜெமீலா.

“ஒண்டும் சொல்லாத. அவருக்கு விளங்கப் போறதில்ல,” என்றார் உம்மா.

விளங்காது என்பது ஸஃப்னாவுக்கும் தெரியும். அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தாள். ஆனால் அவன் கோபம் எப்படிப்பட்டது என்பதற்கான பதில் இப்போது கதவைத் தட்டிக்கொண்டு வரப்போகிறது. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்லிப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முஆஸ் தன் உம்மாவோடு வந்தான். நூலைச் சுண்டிப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். “எப்படிக் கட்டினீங்க?”

“அத பொறவு சொல்றன். வலப்பக்க இறக்கைய நான் வெட்டிட்டன். பிழையா இருக்கு எண்டு நெனச்சன். வெட்டின துண்டும் குப்பையோட போயிட்டு.”

அவன் குனிந்து பார்த்தான். விரலால் அளந்தான். காது மடல் சிவந்தது.

“கேக்காம ஏன் கை வெச்சீங்க?” குரல் உயர்ந்தது. “அந்தக் கால் அங்குலத்திலதான் முழுப் பிளேனும் நிக்கிது! நாலு மாசம்! ஒரு வார்த்தை கேட்டிருக்க ஏலாதா?”

உள்ளேயிருந்து ஜெமீலா வந்தாள். யாரையும் பார்க்காமல், மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யாரும் அவளை எடுக்கச் சொல்லவில்லை. ஏன் எடுத்தாள் என்று ஸஃப்னாவுக்குத் தெரியும். எறிய எதுவும் கையில் அகப்படக்கூடாது.

முஆஸ் கையிலிருந்த விமானத்தைப் பார்த்தான். இரண்டு கையாலும் மெதுவாக மேசையில் வைத்தான். வெளியே போனான். மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு புறப்பட்டது.

“முடிஞ்சிது கதை,” என்றார் மாமா.

முஆஸின் உம்மா மட்டும் அசையவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். “வருவான்,” என்றார். அவர் முகத்தில் பயம் ஏதும் இருக்கிறதா என்று ஸஃப்னா தேடிப் பார்த்தாள். இல்லை. சலிப்புத்தான் கொஞ்சம் இருந்தது.

பிஸ்கட் தட்டு பாதியாவதற்குள் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. முஆஸ் தலைமயிர் கலைந்து, சட்டையெல்லாம் புழுதியாக வந்து கதிரையில் உட்கார்ந்தான்.

“சத்தம் போட்டது என்ட பிழை. மன்னிச்சிக்கோங்க,” என்றான். “ஆனா கேக்காம வெட்டினது உங்கட பிழை.”

“ஓம். என்ட பிழைதான்.”

“சந்தி மட்டுக்கும் போனன். அங்க எறங்கிட்டு.” கோபத்தைத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடியும் இறக்கையைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கினான். “அந்த ஓரப் பட்டிய எப்படிக் கழட்டினீங்க? ஒட்டின தடமே இல்லையே. திரும்பச் செய்யக்குள்ள எனக்கும் அதக் காட்டித் தரணும்.”

ஸஃப்னா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“சந்தியில கோவம் எறங்கல்ல எண்டா என்ன செய்வீங்க?”

ஜெமீலாதான். வெளி ஆட்கள் முன்னால் அவள் வாய் திறந்து வருடக்கணக்காகிறது. உம்மா அவளை அடக்கப் பார்த்தார். முஆஸ் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று உண்மையாகவே யோசித்தான்.

“இன்னும் தள்ளி, பாலாவி மட்டுக்கும் போவன்,” என்றான்.

“ஒருக்கா அதையும் தாண்டி, சிலாபம் மட்டுக்கும் போனவன்,” என்றார் அவன் உம்மா, வாயில் பிஸ்கட்டோடு. “பெட்ரோல் முடிஞ்சி, உருட்டிக்கொண்டு வந்தான். வந்து, பசிக்கிது எண்டான்.”

ஜெமீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஏன் என்று விளங்காமல் முஆஸ் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஸஃப்னா ராத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதியுதீன் மாமா பக்கம் திரும்பினாள்.

“ஓம் எண்டு சொல்லுங்க மாமா,” என்றாள்.