மாதாவின் காலடியில் ஒரு டேலிலி

இருந்தவர்கள்: பின்படியில் என் மனைவி அக்னெஸ், அவளுக்குப் பக்கத்தில், என் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய தங்கை சிசிலி, கவிழ்த்த வாளியில் அடுத்த வீட்டு நகுலேஸ்வரன், பூவில்லாத காம்புக்கு எதிரே, கதிரையில், நான். இடம், நாங்கள் ஊரைவிட்டுக் குடிபெயர்ந்து வந்த வில்லரேயில், எங்கள் பின்வளவு. நேரம் ஞாயிறு பூசை முடிந்து அரைமணி.

விடயம் இது. மூன்று வருடத்துக்கு முன், நகுலேஸ்வரனின் கருஞ்சிவப்பு டேலிலியின் மகரந்தத்தைப் பஞ்சுக்குச்சியால் என் மஞ்சள் டேலிலியில் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டி, கொப்பியில் எழுதினேன். விதைகளைக் குளிர்பெட்டியில் வைத்தேன். மிளகென்று அக்னெஸ் ரசத்துக்கு எடுத்தது போக மிஞ்சியவை நான்கு. விதைத்த அவற்றில் ஒன்றுதான் இந்த வருடம் மொட்டு விட்டது, அதுவும் ஒரே மொட்டு. ஒரு பகல் மட்டும் நிற்கிற பூ. பூவின் படமும் அகலமும் மாத முடிவுக்குள் மலர்ச் சங்கத்துக்குப் போனால் புது இனமாகப் பெயர் பதிவாகும். படிவத்தில் 'அக்னெஸ்' என்று எழுதியிருந்தேன். அவளுக்குத் தெரியாது. ஒக்டோபரில் எங்கள் நாற்பதாவது கலியாண நாளுக்குச் சான்றிதழைக் கையில் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு விரியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது சனியே விரிந்துவிட்டது. நான் வேலையில் நிற்க, கோயில் பீடம் சோடிக்கப் போன சிசிலி பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்று பூசையில் நான் கண்டபோது அது மாதாவின் காலடியில் ஈரத் துணிபோலத் தொங்கியது.

"முதல் பூ மாதாவுக்கு எண்டு தெரியாதே, அத்தான்? நான் என்ன விக்கவே கொண்டுபோனனான்?" என்றாள் சிசிலி.

"பிழை பூவிலதான்," என்றாள் அக்னெஸ். "இவரின்ரை கொப்பியைப் பாக்காமல் விரிஞ்சிட்டுது."

"தகப்பன் பூ என்ரை," என்றார் நகுலேஸ்வரன். "பாதி பிள்ளையாருக்கு வந்திருக்க வேணும். நான் வாய் திறந்தனானே, அண்ணை?"

"படம் இல்லாமல் இந்த வருசம் பதியேலாது," என்றேன்.

"படமோ? அதை முதலே கேட்டிருக்கலாமே," என்றாள் சிசிலி.

கைபேசியை நீட்டினாள். சோடித்த மாதாவை மன்னாரில் இருக்கிற சொந்தக்காரருக்குக் காட்ட நேற்று எடுத்த படம். முன்னால், மஞ்சள் விளிம்பும் சிவந்த தொண்டையுமாக, என் பூ.

"அகலம்?" என்றேன்.

அக்னெஸ் எட்டிப் பார்த்தாள். "பூ நிக்கிறது எங்கட ஊறுகாய்ப் போத்தலில. அதின்ரை சோடி உள்ளுக்கு நிக்குது."

கொண்டு வந்தாள். போத்தலை அடிமட்டத்தால் அளந்து, படத்திலும் அளந்து, மூன்று தரம் வகுத்தேன். மூன்று தரமும் ஐந்தரை அங்குலம்.

"பேர் என்ன வைக்கிறியள்?" என்றாள் சிசிலி. "பிடுங்கினவளின்ரை பேரும் நல்ல பேர்தான்."

"அதுவும் கொப்பியில இருக்கும்," என்றாள் அக்னெஸ்.

அன்று பின்னேரமே படத்தை அச்செடுத்து, படிவத்தோடு வைக்கக் கடிதத்தை எழுதினேன். போத்தல் கணக்கை விளக்கி, கடைசியில் ஒரு குறிப்புச் சேர்த்தேன்: 'பூவுக்குப் பின்னால் நிற்பவர் அக்னெஸ் அல்ல, தேவமாதா.'

கடித உறையின் பசை காய்ந்திருந்தது. அக்னெஸ் இரண்டு சோறு கொண்டுவந்து தடவி, பெருவிரலால் அழுத்தினாள்.

"என்ன, உறை இவ்வளவு தடிப்பு?"

"போத்தல் கணக்கு."

அவள் இன்னொரு தரம் அழுத்தித் தந்தாள். மூலைத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு, விழுந்த சத்தம் கேட்டபிறகு திரும்பினேன்.